மூன்றாம் நம்பர் டிரம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போன் செய்து, "சார், இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். முப்பத்தாறு வருடம் பாலம் கட்டியவன் பாலத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பார். ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும். நான் பேசப் போவது கொட்டு மேளத்தைப் பற்றி. அதுவும் அமெரிக்காக்காரன் கொட்டு மேளம். அதற்குப் பெயர் டிரம் கோர்.

இந்த "கோர்" என்ற சொல் நமக்குப் புதிதல்ல. என்.சி.சி.யில் கடைசி 'சி' இருக்கிறதே, அதே சொல்தான். 1969-ல் நான் முதலாண்டு சேர்ந்தபோது நோட்டீஸ் போர்டில் அதை எழுத்துக் கூட்டி 'கார்ப்ஸ்' என்று உரக்கப் படித்தேன். பின்னால் நின்ற ஹவில்தார், "தம்பி, அப்படிச் சொன்னா பொணம்னு அர்த்தம். கோர்னு சொல்லு, உசிரோட இருக்கலாம்" என்றார். அன்று அவரே என்னைப் பிடித்து என்.சி.சி. பேண்டில் சைடு டிரம் வாசிக்கப் போட்டார். ஐந்து வருடம் வாசித்தேன். கடைசி வருடம் குடியரசு தினத்தன்று வாசித்து முடித்து, டிரம்மைக் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்தேன். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் குச்சியைத் தொடவில்லை.

தூது போன கதை

என் மகள் ஓஹியோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரில் இருக்கிறாள். அவள் மகன், என் பேரன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன். 2024 பிப்ரவரியில் நான் அங்கே போனேன். பெயருக்குத்தான் ஓய்வுப் பயணம். உண்மையில் தூது.

விஷயம் இதுதான். பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அந்த வருடத்துக் கோடை விடுமுறையில்தான் எல்லாப் பிள்ளைகளும் கம்பெனிகளில் இன்டர்ன்ஷிப் போவார்களாம். நாளைக்கு வேலை கிடைப்பதற்கு அதுதான் வாசல்படியாம். இவன் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று மாதம் டிரம் கோரில் சேர்ந்து ஊர் ஊராகப் போகப் போகிறேன் என்கிறான். சம்பளம் உண்டா என்றால் இல்லை. இவன்தான் கட்டணம் கட்டவேண்டும். பெரிய குழுக்களில் ஒரு கோடைக்கு அது 5,000 டாலருக்கு மேலேயே போகும். ஜெயித்தால் பணப்பரிசு உண்டா என்றால் அதுவும் இல்லை. "அப்பா, நீங்க சொன்னா கேப்பான், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றாள் மகள்.

சொல்லத்தான் போனேன். போன மறுநாள் வீட்டின் அடித்தளத்தில் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். ரப்பர் பலகையை வைத்துக்கொண்டு பயிற்சி செய்கிறான். பக்கத்தில் தாளக் கருவி டிக் டிக் என்று ஓடுகிறது. இவன் ஒரு தட்டு தட்டுகிறான். சும்மா நிற்கிறான். பிறகு இரண்டு தட்டு. மறுபடி சும்மா நிற்கிறான். இப்படியே ஒரு மணி நேரம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, அந்த மெஷின் உன்னைவிட நிறைய வாசிக்குதே! இதுக்கா ஐயாயிரம் டாலர்?" என்றேன்.

அவன் சிரித்தான். "தாத்தா, நான் தேர்ட் பேஸ். மத்த நாலு பேர் இல்லாம இது புரியாது" என்றான்.

அப்போது எனக்குப் புரியவில்லை என்பது உண்மை. ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது. அந்த ஆறு மாதத்தில் நான் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கவனிக்கவும், இதில் கணக்கும் வரும்.

ராணுவத்தில் பிறந்தது

வயர்லெஸ் வராத காலத்தில் போர்க்களத்தில் உத்தரவு கொடுத்தது டிரம்மும் பியூகிளும்தான். நில், நட, பின்வாங்கு எல்லாம் ஓசையிலேயே போகும். முதல் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் சங்கங்களில் டிரம்-பியூகிள் குழுக்கள் அமைத்தார்கள். பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்காகவும் குழுக்கள் வந்தன. சர்ச், போலீஸ் சங்கம், முன்னாள் ராணுவத்தினர் சங்கம் என்று ஆளுக்கொரு குழு. 1971-ல் பல குழுக்களின் இயக்குநர்கள் ஒன்றுகூடி, போட்டி விதிகளை நாங்களே வகுத்துக்கொள்கிறோம் என்று டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற ஊரில் நடந்தது. கலிபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தது.

இன்றைய பெரிய குழு ஒன்றில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். பித்தளை ஊது கருவிகள், தோல் கருவிகள், கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றுகிற கலர் கார்டு என்று மூன்றே அணிகள். கிளாரினெட் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது. வயது வரம்பு இருபத்தொன்று. அதைத் தாண்டினால் நீங்கள் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் இடமில்லை. பேரன் அன்று என்னிடம் சொன்னது இதைத்தான். "இன்டர்ன்ஷிப் இருபத்திரண்டுலயும் கிடைக்கும் தாத்தா. இது கிடைக்காது. இந்த வருஷத்தோட கதவு மூடிடும்."

காட்சி நேரம் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். அதற்காக மே மாதத்திலிருந்து காலை முதல் இரவு வரை பயிற்சி. பிறகு ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை பயணம். இரவெல்லாம் பஸ்ஸில் தூக்கம், விடிந்தால் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பள்ளிக்கூடம். ஜூலையில் ஒருநாள் நாங்கள் பார்க்கப் போனோம். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் வரிசையாகப் படுக்கைகள். ரயில்வே பிளாட்பாரம் தோற்றது போங்கள். ஒரு லாரியையே சமையலறையாக மாற்றியிருக்கிறார்கள். பெற்றோர்களும் பழைய உறுப்பினர்களும் லீவு போட்டுவிட்டு வந்து காய் நறுக்குகிறார்கள். என் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு அம்மாள் அவள் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார். அரைமணி நேரத்தில் இரண்டு கூடை வெங்காயம் நறுக்கினாள். அவள் கண்ணில் வந்த நீர் வெங்காயத்தால் வந்தது என்றுதான் அன்று நினைத்தேன்.

கால் விநாடிக் கணக்கு

அவர்கள் ஆடும் இடம் அமெரிக்கக் கால்பந்து மைதானம். நீளம் 100 கெஜம். ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எட்டு அடி வைத்துப் போகவேண்டும். அதாவது ஒரு அடி 22.5 அங்குலம், எல்லோருக்கும். ஆறடிப் பையனுக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் அதேதான். ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன நோட்டு. இத்தனையாவது தாளத்தில் நீ இந்தக் கோட்டிலிருந்து இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று ஒவ்வொரு புள்ளியும் அதில் இருக்கும். நாம் சர்வே கிளாஸில் லெவல் புக் வைத்திருந்தோமே, அதுமாதிரி. என்ன, நாம் பார்த்து எழுதினோம், சில சமயம் பார்க்காமலும் எழுதினோம். இவர்கள் அதை மனப்பாடம் செய்து, குனிந்து பார்க்காமல், ஓடிக்கொண்டே ஊதவேண்டும்.

இதில் பெரிய சிக்கல் ஒலியின் வேகம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மைதானத்தின் நீளம் 91 மீட்டர். அப்படியானால் ஒரு கோடியில் ஊதுகிற ஓசை மறு கோடிக்குப் போய்ச் சேரக் கால் விநாடிக்கு மேல் ஆகிறது. நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில் வாசித்தால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளியே மூன்றில் ஒரு பங்கு விநாடிதான். அதாவது தூரத்தில் இருப்பவனைக் காதால் கேட்டு அவனோடு சேர்ந்து வாசிக்க நினைத்தால், கிட்டத்தட்ட ஒரு தட்டே பிசகிவிடும்.

அதனால் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தாளம் பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். முன்வரிசையில் மரிம்பா வாசிப்பவர்கள் பின்னாலிருந்து வரும் டிரம் ஓசையைக் கேட்டு வாசிப்பார்கள். அது வந்து சேருகிற கணத்தில் இவர்களும் தட்டினால் பார்வையாளர் காதில் இரண்டும் ஒன்றாக விழும். பக்கவாட்டில் தூரத்தில் இருப்பவர்களோ, காதை நம்பாமல் மேடையில் நிற்கும் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசிக்கவேண்டும். எப்போது காதை நம்புவது, எப்போது கண்ணை நம்புவது என்று தெரிவதுதான் அங்கே பாதிப் படிப்பு.

ஆகஸ்ட் 10, இண்டியானாபொலிஸ்

2009 முதல் சாம்பியன்ஷிப் இறுதிச்சுற்று நடக்கிற இடம் இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். கூரை போட்ட பிரம்மாண்டமான அரங்கம். 2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. கொலம்பஸிலிருந்து மூன்று மணி நேரம் காரில் போனோம். இறுதிச்சுற்றில் பன்னிரண்டு குழுக்கள். பேரனின் குழுவும் அதில் ஒன்று. எந்தக் குழு, எத்தனையாவது இடம் என்று சொல்லமாட்டேன். முதலிடம் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு யாராவது கேட்பீர்கள்.

கூட்டம் மைதானத்தின் ஒரு பக்கத்தில்தான். ஆட்டமும் இசையும் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான். குறைந்த மதிப்பெண் குழு முதலில் வரும். முதல் குழு வந்து நின்றது. ஒரு வார்த்தை பேச்சில்லை. அந்தப் பெரிய கூடத்தில் யாரோ இருமியது எனக்குக் கேட்டது. டிரம் மேஜர் கையைத் தூக்கினார். எண்பது பித்தளைக் கருவிகள் ஒரே சமயத்தில் எங்கள் பக்கம் திரும்பி ஊதின பாருங்கள்! திருவிழாவில் தவிலுக்கு நேர் முன்னால் நின்றால் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிருமே, அந்த அதிர்வு. பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், என் வயதுதான் இருக்கும், என்னைப் பார்த்துச் சிரித்தார். "முதல் தடவையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இனிமே வருஷா வருஷம் வருவீங்க" என்றார்.

ஒரு குழுவில் கலர் கார்டு பெண் ஒருத்தி மரத் துப்பாக்கியை மேலே வீசினாள். இருபது பேர் வீசினார்கள், பத்தொன்பது பேர் பிடித்தார்கள். அவளுடையது மட்டும் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குனிந்து எடுத்தாள், அடுத்த தட்டில் சரியான இடத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அதே வீச்சு மறுபடி வந்தது. இந்தத் தடவை பிடித்தாள். அரங்கமே கைதட்டியது. பிடித்த மற்ற பத்தொன்பது பேருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கைதட்டல், ஆனால் எல்லோர் கண்ணும் அவள் மேல்.

மதிப்பெண் போடும் முறையையும் பக்கத்துப் பெரியவர்தான் விளக்கினார். மொத்தம் நூறு. காட்சியின் ஒட்டுமொத்த விளைவுக்கு நாற்பது, இசைக்கு முப்பது, அசைவு அமைப்புக்கு முப்பது. முற்காலத்தில் நடுவர்கள் தவறுகளை எண்ணிக் கழித்துக்கொண்டே வருவார்களாம். 1980-களில் அதை விட்டுவிட்டு, சாதித்ததற்கு மதிப்பெண் சேர்க்கும் முறைக்கு மாறினார்களாம். நம் பேராசிரியர்கள் இதைக் கவனிக்கவேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வித்தியாசம் எவ்வளவு நுணுக்கமாக வரும் என்பதற்கு ஒரு கதை சொன்னார். 2008-ல் ஸ்பார்டகஸ் கதையை எடுத்து ஆடிய இல்லினாய்ஸின் ஃபேண்டம் ரெஜிமென்ட், ப்ளூ டெவில்ஸ் குழுவை ஜெயித்தது 0.025 மதிப்பெண்ணில். நூற்றில் ஒரு மதிப்பெண்ணை நாற்பது துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு!

பிறகு எங்கள் பையனின் குழு வந்தது. ஐந்து பேஸ் டிரம், சிறியதிலிருந்து பெரியது வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. நடுவில் மூன்றாம் நம்பரில் என் பேரன். பாட்டு கொஞ்சம் அடங்கியது. ஐந்து பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். மழைக்காலத்தில் இடி ஒன்று வானத்தின் இந்த மூலையில் தொடங்கி அந்த மூலைக்கு உருண்டு போகுமே, அதுபோல ஒரு ஓட்டம். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. ஒரே ஆள் பத்துக் கையால் வாசிப்பதுபோல் இருந்தது. அதில் ஒருவரும் நான்கைந்து தட்டுக்குமேல் தட்டவில்லை.

அந்த ஓட்டத்தின் நடுவில் என் பேரனின் ஒற்றைத் தட்டை நான் தேடினேன். அடித்தளத்தில் கேட்ட தட்டு எனக்கு அடையாளம் தெரியாதா? தெரியவில்லை, ஐயா. தனியாக அது கேட்கவே இல்லை. ஆனால் அவன் ஒரு தட்டைத் தவறவிட்டிருந்தால் அந்த ஓட்டத்தில் ஓட்டை விழுந்திருக்கும், அது மட்டும் எல்லோருக்கும் கேட்டிருக்கும். சரியாகச் செய்தால் ஒருவனும் தனித்துத் தெரியமாட்டான். முப்பத்தாறு வருடம் பாலம் கட்டியவனுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். பாலத்தில் போகிறவன் எந்த ரிவெட்டைப் பார்த்துக் கும்பிடுகிறான்? அடித்தளத்தில் அவனைக் கேலி செய்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அன்று முதலிடம் ஓஹியோவின் கேன்டன் நகரத்து ப்ளூகோட்ஸ் குழுவுக்கு. 2016-க்குப் பிறகு அவர்களுக்கு இரண்டாவது பட்டம். அவர்களின் காட்சியைப் பார்த்தபோது, நடுவர் எதற்கு, எங்களையே கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.

வராத ஒரு குழு

இங்கே நம் சங்கத்தார் கவனிக்கவேண்டிய ஒன்று. அன்று ஸ்டேடியத்தின் நடைபாதையில் மெரூன் நிற டி-சர்ட் அணிந்த ஆண்களும் பெண்களும் சிறு கூட்டமாக நின்றிருந்தார்கள். சிலருக்கு எழுபது வயதுக்கு மேல். தங்கள் குழு ஆடாத போட்டிக்கு அவர்கள் வந்திருந்தார்கள். கேடட்ஸ் என்பது குழுவின் பெயர். 1934-ல் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டு ஊரில் தொடங்கியது. 1983 முதல் 2011 வரை பத்து முறை சாம்பியன். 2018-ல் அதன் நெடுநாள் இயக்குநர்மீது பல பெண்கள் பாலியல் புகார் சொல்லி அவர் பதவி விலகினார். பிறகு 1980-களில் நடந்ததாகச் சொல்லப்படும் கொடுமை பற்றிய வழக்கும் வந்தது. வழக்குச் செலவைத் தாங்க முடியாமல், தொண்ணூறாம் ஆண்டில், 2024 ஏப்ரலில் குழுவை மூடிவிட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? பழம்பெருமை ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றாது. பத்துக் கோப்பை இருந்தாலும் காப்பாற்றாது. நம்பி அனுப்பிய பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. அதில் தவறினால், நியாயம் முப்பது வருடம் கழித்து வந்தாலும் வரத்தான் செய்யும். வரவேண்டும். நாம் விழா எடுக்கிறோம், மலர் போடுகிறோம், குரூப் போட்டோ எடுக்கிறோம். இங்கே படிக்கிற பிள்ளை ஒன்றுக்குக் கஷ்டம் என்றால் யாரிடம் போய்ச் சொல்லும் என்று கேட்கிறோமா? அந்த மெரூன் சட்டைக்காரர்களைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த குழுக்கள் இன்று சில பத்துகளாகச் சுருங்கிவிட்டன. அன்று தெருவில் சுற்றிய ஏழைப் பையன்கூட டிரம்மை மாட்டினான். இன்று ஐயாயிரம் டாலர் கட்ட முடிந்தவன் அல்லது நிதி திரட்டத் தெரிந்தவன்தான் வரமுடிகிறது. ரசிகன் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது.

திரும்பி வந்த வழியில்

போட்டி முடிந்து நள்ளிரவில் காரில் திரும்பினோம். பேரன் தன் குழுவோடு தங்கிவிட்டான். என் மகள் வண்டி ஓட்டினாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு திடீரென்று கேட்டாள். "அப்பா, என் வயலின் இன்னும் வீட்ல இருக்கா?"

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் ஏழு வருடம் வயலின் கற்றவள். 1995-ல் பிளஸ் ஒன் சேர்ந்தபோது நான்தான் நிறுத்தினேன். "முதல்ல படிப்பு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. நன்றாகப் படித்தாள், நல்ல வேலைக்குப் போனாள். அந்த அப்புறம் மட்டும் வரவே இல்லை. அவள் தன் மகனிடம் சொன்னாளே, அதே வசனம், வார்த்தை மாறாமல், என்னுடையது. என் வசனத்தைச் சொல்லத்தான் என்னையே தூது அழைத்திருக்கிறாள்.

"பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துட்டேம்மா, நீ காலேஜ் போன வருஷம்" என்றேன். "சரிப்பா" என்றாள். அடுத்த ஐம்பது மைல் இருவரும் பேசவில்லை.

மாணவர்களே, உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. இன்டர்ன்ஷிப்பை விட்டதற்குப் பேரன் விலை கொடுத்தான். 2025 மே மாதம் பட்டம் வாங்கினான். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போன பிறகு, அக்டோபரில்தான் இவனுக்கு வேலை கிடைத்தது. அந்த ஐந்து மாதமும் அந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை. ஆகவே, படிப்பை விட்டுவிட்டு மேளத்தைத் தூக்குங்கள் என்று நான் சொன்னதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லவேண்டாம். சில கதவுகள் திரும்பத் திறக்கும், சில திறக்காது. எது எந்தக் கதவு என்று கொஞ்சம் யோசித்துவிட்டு மூடுங்கள். பிள்ளை பெற்றவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

அந்தப் பெரியவர் சொன்னது பலித்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நான் இங்கே ஊரில்தான் இருந்தேன். ஆனாலும் மகளுக்குப் போன் போட்டு முடிவைக் கேட்டேன். 1940-ல் தொடங்கிய பாஸ்டன் க்ரூசேடர்ஸ் முதல் முறையாகச் சாம்பியன் ஆகியிருக்கிறது. எண்பத்தைந்து வயதில் முதல் பரிசு! முன்வரிசைப் பெரியவர்களே, நமக்கும் இன்னும் நேரம் இருக்கிறது.

நேற்று மாலை இங்கே வந்ததும் என்.சி.சி. ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டச் சொன்னேன். ஆறு சைடு டிரம் இருக்கின்றன. நாலில் தோல் கிழிந்திருக்கிறது, குச்சி ஒன்றுகூட இல்லை. 1974 சிவில் பிரிவின் சார்பில் அத்தனைக்கும் புதுத் தோல் போட்டுத் தருகிறோம். வாசிக்க ஆள் தருவது பின்வரிசையின் பொறுப்பு. மூன்றாம் நம்பர் கிடைக்கிறவன் வருத்தப்படவேண்டாம்.